குரொஸ் ஜொயின்டும் கோசைனும்

காலி வீதியில் போகும் லொறியின் அடிப்பகுதியைக் கவனித்தால், நீளமாகச் சுழலும் இரும்புக் குழாய் ஒன்று தெரியும். அதுதான் புரொபலர் ஷாஃப்ட். முன்னாலுள்ள எஞ்சினின் சுழற்சியைப் பின்சில்லுகளுக்குக் கொண்டுபோவது அதன் வேலை. அதன் முனைகளில் கூட்டல் அடையாளம் போன்ற ஒரு துண்டு இருக்கும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் "குரொஸ்" என்றால் எடுத்துத் தருவார்கள். பாடநூல்களில் அது ஹூக் மூட்டு. விற்சுருள் பற்றிய விதியில் நாம் படிக்கும் அதே ரொபர்ட் ஹூக்தான்.

சில்லு பள்ளத்தில் இறங்கும்போது பின் அச்சு ஆடும்; எஞ்சினோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே ஷாஃப்ட் சாய்ந்தபடியே சுழல வேண்டியிருக்கிறது. குரொஸ் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் இலவசமாக அல்ல. உள்ளே வரும் தண்டு சீராகச் சுழன்றாலும், மூட்டுக்கு அப்பாலுள்ள தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தி இரண்டு தடவை பிந்தும். மூட்டின் கோணம் 10 பாகை என்று வைப்போம். அதன் கோசைன் 0.985. நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் உள்ளே வந்தால், வெளியே வேகம் 2954க்கும் 3046க்கும் இடையே செக்கனுக்கு 100 தடவை ஊசலாடும். (இணைந்த கணிதத்தில் கோசைன் எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்கள் கவனிக்கவும்.)

இதற்கு மருந்து இன்னொரு குரொஸ்தான். முதலாவது கெடுத்ததை இரண்டாவது திருத்திவிடும். அதற்கு இரு மூட்டுகளின் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கியர்பொக்ஸிலிருந்து வரும் தண்டும் பின் அச்சுக்குள் நுழையும் தண்டும் சமாந்தரமாக இருந்தால் கோணங்கள் தாமாகவே சமமாகும்.

தொழிற்சாலைக் காரில் இதை வடிவமைத்தவர்களே பார்த்துவிடுகிறார்கள். வீட்டில் கார் கட்டுபவருக்குத்தான் சோதனை. 1957இல் வந்த லோட்டஸ் செவன் காரைப் பின்பற்றிப் பலர் தம் கையாலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டியிருக்கிறார்கள். 250 பவுணிலேயே ஒன்றைக் கட்டலாம் என்று ரொன் சம்பியன் எழுதிய நூல் 1996இல் வெளிவந்தது. பழைய ஃபோர்ட் எஸ்கோர்ட் ஒன்றின் பாகங்களைக் கழற்றிப் பயன்படுத்தும் வழி அது. புதிய கார் குட்டை என்பதால் ஷாஃப்டை வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டும்போது ஒரு கவை 90 பாகை திரும்பிவிட்டால், இரண்டாவது குரொஸ் முதலாவதின் பிழையைத் திருத்தாமல் இரட்டிப்பாக்கும்.

குட்டை ஷாஃப்டுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. இரு முனைகளுக்கும் 5 சென்ரிமீற்றர் உயர வித்தியாசம் இருந்தால், 150 சென்ரிமீற்றர் ஷாஃப்டில் கோணம் ஏறத்தாழ 2 பாகை. 50 சென்ரிமீற்றர் ஷாஃப்டிலோ 6 பாகையை நெருங்கும். கோணம் இரு மடங்கானால் வேக ஊசல் நான்கு மடங்காகும். இரண்டாவது குரொஸ் திருத்தினாலும், நடுவிலுள்ள ஷாஃப்ட் அந்த ஊசலைத் தாங்கியே ஆக வேண்டும்.

பக்கத்திலிருந்து மட்டும் அளப்பதும் போதாது. பக்கவாட்டில் 3 பாகை, மேலிருந்து பார்த்தால் 4 பாகை என்றால், மூட்டு உணரும் உண்மையான கோணம் ஏறக்குறைய 5 பாகை. பைதகரஸ் இங்கும் வந்துவிடுகிறார்! அப்படியானால் பூச்சியமே நல்லது என்று தோன்றும். அதுவும் சரியில்லை. குரொஸின் கிண்ணங்களுக்குள் ஊசி போன்ற சிறு உருளைகள் உள்ளன. கோணமே இல்லாவிட்டால் அவை உருளாமல் ஒரே இடத்தில் அழுத்திப் பள்ளம் விழுத்தும். ஒரு பாகையாவது வேண்டும்.

இவ்வளவு கவனம் ஏன்? லோட்டஸ் செவன் வகைக் காரில் ஷாஃப்ட் ஓடுவது சாரதியின் இடுப்புக்கும் பக்கத்தில் இருப்பவரின் இடுப்புக்கும் நடுவே. குரொஸ் உடைந்தால் சுழலும் இரும்புக் குழாய் அங்கேதான் அடிக்கும். அதனால் அதைச் சுற்றி உறுதியான இரும்பு வளையம் பொருத்துகிறார்கள். அதைத் தவிர்க்கக்கூடிய செலவு என்று எனக்குத் தோன்றவில்லை.

நீண்ட ஷாஃப்டே வேண்டாம் என்பவர்களும் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், நம் தெருக்களிலும் ஓடும் மாருதி 800இன் எஞ்சினைச் சாரதியின் முதுகுக்குப் பின்னால் வைத்து ஃபோர்மியுலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கினார். 1995இல் அவர் காலமானார். கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரையே தாங்குகிறது. எஞ்சின் பின்னால் இருந்தால், சில்லுகளுக்கு இரண்டு குட்டைத் தண்டுகளே போதும். மாருதி 800இன் தண்டுகளில் இருப்பது குரொஸ் அல்ல, சீர்வேக மூட்டு. அதற்குள் உள்ள உருக்குக் குண்டுகள் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே எப்போதும் நிற்பதால் வேகம் ஊசலாடாது. கறுப்பு றப்பர் உறை ஒன்று அதன் கிறீஸைக் காக்கிறது. அந்த உறை கிழிந்து மணல் புகுந்தால், திருப்பத்தில் "டிக் டிக்" என்று சத்தம் கேட்கத் தொடங்கும்.