பூனை இருக்கும் வீட்டில் நாய்க்குட்டியா?

மேனாம்பேடு போன்ற புறநகர்ப் பகுதிகளில் பலருக்கும் ஒரு ஹால், ஒரு பெட்ரூம்தான் வீடு. அதில் பத்து வருஷமாக ராஜாங்கம் நடத்திய பூனைக்கு, திடீரென வந்து இறங்கும் நாய் பெரிய அதிர்ச்சி.

இரண்டும் சண்டை போடுமோ என்றுதான் வீட்டில் பயப்படுவார்கள். அதைவிட ஆபத்து, பூனை சத்தமில்லாமல் சாப்பாட்டை நிறுத்திவிடுவது. சில நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குண்டுப் பூனைக்கு இன்னும் கவனம் தேவை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை சிறுநீர் வராமல் முக்கினால் உடனே கிளம்புங்கள்.

முதல் சில நாட்கள் பெட்ரூம் பூனைக்கு, ஹால் நாய்க்கு. சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு எல்லாம் பூனையின் அறையிலேயே இருக்கட்டும். இரண்டும் படுத்த துணிகளை மாற்றிப் போடுங்கள்; வாசனைதான் முதல் அறிமுகம். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள். அடுத்து, நாயைக் கயிற்றில் பிடித்தபடி தூரத்திலிருந்து சில நிமிடம் காட்டலாம்.

பீரோ உச்சி பூனைக்கு நல்ல புகலிடம். வயதான பூனைக்கு மூட்டுவலி இருக்கலாம். ஏறுவதற்கு ஒரு ஸ்டூல் போடுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை ஓடுவதைத் துரத்தும் வேட்டை நாய்கள். அவற்றைப் பூனையுடன் தனியே விடாதீர்கள். இரண்டுக்கும் ரேபிஸ் தடுப்பூசி அவசியம்.

எத்தனை நாள் ஆகும்? பூனையின் தட்டே சொல்லிவிடும். வழக்கம்போலக் காலியானால் ஒரு படி முன்னேறுங்கள். மிச்சமிருந்தால் ஒரு படி பின்வாங்குங்கள்.