ஏடுகளில் வாழும் இறைப்பாடல்கள்

பொலிவியா நாட்டின் சிக்கித்தோஸ் பகுதியில் இயேசு சபைக் குருக்கள் பழங்குடி மக்களுக்கு இறையிசையைக் கற்பித்தனர். 1767இல் இஸ்பெயின் மன்னர் அச்சபையினரை வெளியேற்றினார். குருக்கள் போனார்கள், பாடல்கள் போகவில்லை. ஏடுகள் நைந்தபோது மக்களே பார்த்துப் படியெடுத்து ஆலயங்களில் காத்துவந்தனர். 1972இல் தொடங்கிய ஆலயச் சீரமைப்புப் பணியின்போது ஹான்ஸ் ரோத் என்ற கட்டடக் கலைஞர் அவற்றைச் சேகரித்தார். ஆயிரக்கணக்கான அப்பக்கங்கள் இன்று கொன்செப்சியோன் நகரில் திருச்சபையின் காப்பகத்தில் உள்ளன. உரோமையில் ஆர்கன் இசைத்த தொமேனிக்கோ சிப்போலியின் படைப்புகளும் அவற்றுள் அடங்கும்.

நம் பங்கின் பாடற்குழு அலமாரியிலும் முன்னோர் கைப்பட எழுதிய நோட்டுகள் இருக்கலாம். அவற்றை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். நமக்குமுன் செபித்தவர்களின் குரல் அதில் இருக்கிறது.