உடைவதற்காகச் செய்யும் சிலம்பு

முல்லைத்தீவு மக்களுக்குக் கோவலன் கூத்து வெறும் பொழுதுபோக்கல்ல. வற்றாப்பளை கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூத்தாடுபவரையும் அண்ணாவியாரையும் ஊர் அறியும். முடி செய்தவரையும் உடுப்புத் தைத்தவரையும் எத்தனை பேர் அறிவர்?

முதியோர் நலன் தொடர்பாக வீடுகளுக்குச் செல்லும்போதுதான் அந்த இளைப்பாறிய ஆசிரியையைச் சந்தித்தேன். பிள்ளைகள் வெளிநாட்டில். அயற் பாடசாலை மாணவர் கோவலன் கதையைத் தமிழ்த் தினப் போட்டிக்குப் பழகுவதாக அறிந்து, "மேடைச் சாமான் செய்து தரட்டோ?" என்று தாமாகவே போய்க் கேட்டாராம். ஊதியம் இல்லை. வர்ணம் வாங்குவதும் அவரது ஓய்வூதியத்தில்தான்.

அவருக்குப் பெரிய சோதனை சிலம்புதான். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். பாண்டியன் சபையில் அது உடைந்து பரல் சிதறினால்தான் வழக்குத் தீரும். பழைய பத்திரிகைத் தாளை ஊறவைத்து இடித்து, கோதுமை மாப் பசையில் குழைத்து, இரண்டு பாதிகளாக வளைத்துக் காயவிடுகிறார். உள்ளே மஞ்சாடி விதைகள். பொருத்தில் மெல்லிய தாள் மட்டும் ஒட்டி, மேலே பொன்வர்ணம் பூசுகிறார். முதலில் செய்தது பசை கூடி உடையவேயில்லை. உருண்டுபோய்ப் பாண்டியனின் காலடியில் நின்றதாம்.

"உடைக்கத்தானே செய்யிறன் பிள்ளை. ஒவ்வொரு ஒத்திகைக்கும் புதுசு வேணும்" என்றார்.

2008, 2009 இடப்பெயர்வுகளில் பெட்டியிலிருந்த முடிகளையும் உடுப்புகளையும் யாரால் சுமக்க முடிந்தது? குழந்தையையும் அரிசியையும் தூக்கவே கை போதவில்லை. மீளக்குடியமர்ந்த பின், முடியின் உயரத்தையும் பாவாடையின் கொய்யகத்தையும் நினைவிலிருந்தே அளக்க வேண்டியிருந்தது. ரீச்சரும் பக்கத்து வளவில் இருக்கும் வயதான தச்சரும் அந்த அளவுகளைப் பற்றி இன்னும் வாதாடுகிறார்கள். இரவிரவாக ஆடுபவரின் தலைக்குப் பாரம் கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

நிகழ்ச்சி அழைப்பிதழில் ஒப்பனை, ஒளி, இசை எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. மேடைப் பொருட்களுக்கு இல்லை. ரீச்சர் இதைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. பெண்கள் வீட்டில் செய்யும் வேலையைப் போலவே இதுவும் கணக்கில் வராமல் போகிறது. ஒரு வரி அச்சிட எவ்வளவு செலவாகும்?

சனிக்கிழமைகளில் இரண்டு மாணவிகள் தாள் ஊறவைக்க வருகிறார்கள். அடுத்த சிலம்பின் பொருத்தை அவர்களையே ஒட்டவிடப் போகிறாராம். மஞ்சாடி விதை முடிந்துவிட்டது. எங்கள் வளவில் பொறுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.