நம்ம கடற்கரை நாவல்களில் எது நிலைக்கும்?

எழுதியவர் காலம் போன பிறகும் ஜனங்கள் தேடிப் படிக்கிற கதையைத்தான் 'கிளாசிக்' என்கிறார்கள். நம்ம கரையைப் பற்றிய நாவல்களில் அப்படி நிற்கப் போவது எது?

முதலில் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977). மணப்பாட்டுக் கரையில் நடக்கும் கதை. குரூஸ் மைக்கேலுக்குச் சொத்து ஒரு வல்லமும் வீடும்தான். வாத்தியாராக இருக்கும் மகன் செபஸ்தி, ரெண்டையும் வித்துட்டு தன்னோட வந்துடச் சொல்கிறான். பெரியவருக்கு மனசு வரலை. இதற்கிடையில் கரைக்கு லாஞ்சி வந்து, வல்லக்காரர்களோடு பகை மூளுது. மகள் பிலோமியின் காதலும் கைகூடலை. சின்னப் புத்தகம்தான். ஆனா வில்லன் என்று ஒருத்தரைக் கை காட்ட முடியாது, செபஸ்தி பக்கமும் நியாயம் இருக்கு. வல்லமா லாஞ்சியா என்ற அந்தச் சண்டைதானே இன்றைக்கு நாட்டுப்படகா விசைப்படகா என்று நடக்குது!

அடுத்து, உவரியில் பிறந்த ஜோ டி குருஸ். 'ஆழி சூழ் உலகு' (2004) கட்டுமரக்காரர்களின் மூணு தலைமுறைக் கதை. 'கொற்கை' (2009) நம்ம தூத்துக்குடியேதான். தோணி, தண்டல், துறைமுகம் எல்லாம் வரும். ஆயிரம் பக்கத்துக்கு மேலே, பொறுமை வேணும்! 2013-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. (விருது வாங்கியதெல்லாம் நிலைப்பதில்லை, அது வேற விஷயம்.) பாண்டியர்களின் துறைமுகமான கொற்கை இப்போ கடலை விட்டுத் தள்ளிக் கிடக்கும் கிராமம். அந்தப் பேரை நம்ம ஊருக்கு வைத்தது யோசிக்க வைக்குது.

பேச்சு வழக்கு புரியலை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அதுதான் பெருசாகப் படுது. பாய் விரித்து ஓடின காலத்தில் வாடை, கொண்டல், கச்சான் என்று காத்துக்குப் பேர் தெரியாமல் கடலுக்குப் போக முடியாது. இன்ஜின் வந்த பிறகு அந்தத் தேவை குறைஞ்சு போச்சு. எங்க வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், காத்துப் பேர்களைச் சொன்னது ரெண்டே பேர். அவங்களும் தாத்தாகிட்ட கேட்டதுதான். தாத்தாக்கள் போன பிறகு இந்தச் சொற்கள் 'ஆழி சூழ் உலகு' மாதிரிப் புத்தகத்தில்தான் மிஞ்சும்.

ஆனாலும் என் ஓட்டு 'கடல்புரத்தில்' நாவலுக்கே. ஏறக்குறைய ஐம்பது வருஷத்தை அது தாண்டிடுச்சு, ரெண்டு நாளில் படிச்சும் முடிக்கலாம். 'கொற்கை'தான் என்று வாதாட ஆசையுள்ளவர்கள் அடுத்த தாளில் எழுதுங்கள், இடம் விட்டிருக்கோம்.