ஒரு மணி நேரத்தில் சென்னையா?

டியூஷன் முடிந்ததும் படிவம் நான்கு மாணவி ஒருத்தி கைப்பேசியை நீட்டினாள். பினாங்கிலிருந்து சென்னைக்கு விமான டிக்கெட். புறப்படுவது காலை 9.30; போய்ச் சேர்வது 10.35.

“சார், தாத்தா இதைப் பார்த்துட்டுச் சிரிக்கிறாரு. ஒரு மணி நேரத்துல சென்னையான்னு கேட்கிறாரு.”

சிரிக்க அவருக்கு உரிமை உண்டு. நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறி, நாள்கணக்கில் கடலைப் பார்த்தபடியே பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர் அவர்.

வெண்பலகையில் கணக்குப் போட்டோம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். நம் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சென்னையில் 10.35 என்றால் இங்கே மதியம் 1.05. ஆக, பயணம் 3 மணி 35 நிமிடம்.

பின் வரிசைப் பையன் விடவில்லை. “சார், பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுற்றுது. பினாங்கு 100 பாகை கிழக்கு, சென்னை 80. இருபது பாகைக்கு 1 மணி 20 நிமிடம்தானே வரணும்?”

நல்ல கேள்வி. சூரியனைக் கேட்டால் அவன் சொன்னதுதான் சரி. ஆனால் கடிகாரத்தை முடிவு செய்வது அரசாங்கம். 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு இணைந்தன. அதற்கு முன் இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம்தான். காலை ஏழு மணிக்கும் நீங்கள் இருட்டில் பள்ளிப் பேருந்துக்கு நிற்பது இதனால்தான்.

தூரம்? பாயான் லெப்பாஸிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 2,365 கிலோமீட்டர். கோலாலம்பூர் வழியாகப் போனால் ஏறக்குறைய 2,950. கூடுதல் 600-க்கும் குறைவு. பறப்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் காத்திருப்பை எந்த வரைபடமும் காட்டாது.

அதை என் அப்பாவிடம் கண்டேன். 2008-இல் ஒரு காலை, தஞ்சாவூரில் பாட்டி இறந்த செய்தி வந்தது. விசா கையில் இருந்தது. அன்றைக்குக் கிடைத்த டிக்கெட் கோலாலம்பூர் வழி. அங்கே ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சென்னையில் இறங்கி, இரவெல்லாம் காரில் போய் விடியற்காலையில் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “மொகத்தப் பார்க்கலடா” என்று மட்டும் சொன்னார். அந்த ஆறு மணி நேரத்தை நான் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

2024 டிசம்பர் 21-இல் இண்டிகோ சென்னை – பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியபோது, செய்தியை வெட்டி அப்பாவிடம் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாணவியின் தாத்தாவும் உடன் போகிறாராம், சன்னல் இருக்கை கேட்டு.

“திரும்பி வரும்போது சார்?” என்றாள். சென்னையில் அதிகாலை 2.15-க்குப் புறப்பாடு, பினாங்கில் 8.30. அதை நீங்களே போட்டுப் பாருங்கள்.