பத்து மடங்கு ஜூமும் ஒரு தீப்பெட்டி லேபிளும்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் புத்தாண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்கள் வெளியாகும். அதன்பின் மார்கழி வரைக்கும் அச்சகங்களின் டிசைன் அறைகளில் ஒரு வசனம் ஓயாமல் கேட்கும்: "படம் உடையுது அண்ணாச்சி, ஒரிஜினல் பைல் இருந்தா அனுப்புங்க."

எதிர்முனையில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி இருப்பார். கடையைத் தொடங்கிய அப்பாவின் முகம் காலண்டரின் தலைமாட்டில் பெரிதாக வர வேண்டும் என்பது அவர் ஆசை. அனுப்பியிருப்பதோ, கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து, மேடையில் நின்ற அப்பாவைப் போன் திரையில் இரண்டு விரலால் விரித்து எடுத்த படம். போனில் பார்த்தால் முகம் நன்றாகத்தான் இருக்கிறது. டிசைனர் அதைக் காலண்டர் அளவுக்கு இழுத்ததும் மூக்கு கன்னத்தோடு கரைந்துவிடுகிறது. மீசை ஒரு கறுப்புப் பட்டையாகிறது. "பத்து மடங்கு ஜூம் போட்டுத்தானே தம்பி எடுத்தேன்?" என்கிறார் முதலாளி. அவர் சொல்வது பொய்யில்லை. அந்தப் பத்து மடங்கைப் போன் எங்கிருந்து கொண்டுவந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அச்சகக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். 12 மெகாபிக்சல் படம் என்றால் அகலத்தில் 4000 புள்ளிகள், உயரத்தில் 3000. தரமான ஆஃப்செட் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது டிசைன் அறைகளில் எல்லாருக்கும் மனப்பாடம். அங்குலத்துக்கு 150 வரி ஸ்கிரீனில் அச்சடித்தால், அதற்கு இரட்டிப்பாகப் புள்ளிகள் கையில் இருக்க வேண்டும் என்ற வழக்கத்திலிருந்து வந்த எண் அது. ஆக 12 மெகாபிக்சல் படத்தை 13 அங்குல அகலம், 10 அங்குல உயரத்துக்குத் தாராளமாக அச்சடிக்கலாம். காலண்டருக்குப் போதும்.

இப்போது டிஜிட்டல் ஜூம். இரண்டு மடங்கு என்றால் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவது. அகலத்தில் பாதி, உயரத்திலும் பாதி. மிஞ்சுவது கால்வாசிப் புள்ளிகள். ஐந்து மடங்கில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. பத்து மடங்கில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 400க்கு 300, மொத்தம் 1,20,000 புள்ளிகள். இதை அச்சகக் கணக்கில் விரித்தால் அகலம் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று அதிகம், உயரம் ஓர் அங்குலம். சாதாரணத் தீப்பெட்டியின் மேல் லேபிளைக்கூட அது முழுதாக மூடாது. முதலாளி கேட்டது காலண்டர். கையில் இருந்த சரக்கு தீப்பெட்டிக்கே பற்றாக்குறை.

ஆனால் பைலைத் திறந்தால் அதே 4000க்கு 3000 என்று காட்டுகிறதே? அங்கேதான் ஏமாறுகிறோம். வெட்டி எடுத்த துண்டைப் போன் மறுபடி பழைய அளவுக்கு நிரப்பித் தருகிறது. இரண்டு உண்மைப் புள்ளிகளுக்கு நடுவில் காலி இடம் வந்தால், சுற்றியுள்ள நான்கு புள்ளிகளையோ பதினாறு புள்ளிகளையோ பார்த்து ஒரு சராசரி நிறத்தைப் போட்டுவிடும். சராசரியில் ஓரங்கள் மழுங்கும். மழுங்கியதை மறைக்க ஓரங்களைச் செயற்கையாகக் கூர்மையாக்கும். மீசை பட்டையானதற்குக் காரணம் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

ஆஃப்செட் மிஷினில் நிற்பவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. அச்சான தாளின்மேல் லென்ஸை வைத்துக் குனிந்து பார்ப்பது அவருடைய அன்றாட வேலை. கண்ணுக்கு முருகனின் கன்னமாகத் தெரிவது லென்ஸுக்குக் கீழே நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மையின் புள்ளிகளாகப் பிரியும். ஒவ்வொரு நிறத்தின் புள்ளிவரிசையும் வேறு வேறு சாய்வில் ஓடுவதால் சின்னச் சின்ன பூக்கள்போலக் கூடி நிற்கும். நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை தவறினால் பூ குலைந்துவிடும். இன்னும் சக்தி வாய்ந்த லென்ஸை வைத்தால்? புள்ளி பெரிதாகும், அவ்வளவுதான். கன்னத்தில் ஒரு மச்சம் புதிதாகத் தெரியவராது. பிளேட்டில் ஏறாதது தாளிலும் இல்லை.

ஆப்டிகல் ஜூம் செய்யும் வேலையெல்லாம் படம் பதிவாவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. லென்ஸின் குவியத் தூரம் கூடினால், அது உள்ளே விடும் காட்சியின் கோணம் குறுகும். முன்பு மண்டபம் முழுக்கப் பரவிக் கிடந்த அதே 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளும் இப்போது மேடை மீது மட்டும் குவியும். எதையும் இட்டு நிரப்ப வேண்டிய அவசியம் வராது.

சிவகாசியிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போனால், 1988இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம். மரத்தில் 30 மீட்டர் தொலைவில் ஓர் அணில் இருக்கிறது. வாலை விட்டுவிட்டால் உடம்பு சுமார் 30 செ.மீ. போனின் முதன்மைக் கேமராவில் அந்தத் தொலைவில் ஒரு புள்ளி ஏறத்தாழ 1 செ.மீ. இடத்தைப் பிடிக்கும். அணிலின் முழு உடம்பும் முப்பது புள்ளிக்குள் முடிந்துபோகும். கண் என்பது ஒரே ஒரு புள்ளி. ஐந்து மடங்கு லென்ஸில் அதே உடம்புக்கு நூற்றைம்பது புள்ளி. காது, கண், முதுகில் நரைத்த முடியின் போக்கு எல்லாம் அதில் பதிவாகும். விரலால் எவ்வளவு விரித்தாலும் அந்த முப்பது முப்பதுதான்.

இந்த வித்தியாசம் ஊருக்குப் புதிதல்ல. பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் தீட்டிய சாமி ஓவியங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகத்தான் நாடெங்கும் பூஜை அறைகளுக்குப் போயின. கணினி வருவதற்கு முந்தைய ஆஃப்செட் காலத்தில் ஓவியத்தைப் பலகையில் மாட்டி, எதிரே ஓர் ஆள் உயரப் பிராசஸ் கேமராவை நிறுத்துவார்கள். பலகையும் லென்ஸும் தண்டவாளத்தில் நகரும். காலண்டருக்கு ஓர் இடைவெளி, சிறிய அட்டைக்கு வேறோர் இடைவெளி. விளக்கைப் போட்டு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகப் பிலிம் எடுப்பார்கள். பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் வெளிச்சத்தை வைத்தே நடந்தன. அளவு மாறினால் மறுபடி கேமரா முன்னால் போய் நின்றாக வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் யாருடைய மீசையும் பட்டையாகவில்லை.

அந்தத் தண்டவாளத்தைச் சட்டைப் பைக்குள் எப்படி வைப்பது என்பதுதான் போன் தயாரிப்பாளர்களின் தலைவலி. குவியத் தூரம் கூட வேண்டுமென்றால் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே இடம் வேண்டும். போனின் தடிமனோ 8 மி.மீ. சுற்றளவில் நிற்கிறது. 2013இல் சாம்சங் ஒரு போனின் முதுகில் நிஜக் கேமரா லென்ஸையே ஒட்டிப் பார்த்தது. கேலக்ஸி எஸ்4 ஜூம் என்று பெயர். பாக்கெட்டில் செங்கல்லைச் சுமக்க யாரும் தயாராக இல்லை. 2016இல் ஆப்பிள் ஐபோன் 7 பிளஸில் வேறு வழியை எடுத்தது: ஒரு லென்ஸை நகர்த்துவதற்குப் பதிலாக, இரண்டு மடங்குக்கென்றே இரண்டாவது கேமரா. இன்று பெரும்பாலான போன்களில் ஆப்டிகல் ஜூம் என்று விளம்பரம் செய்வது இதைத்தான். உள்ளே எதுவும் ஜூம் ஆவதில்லை. ஒரு கேமராவிலிருந்து அடுத்த கேமராவுக்குத் தாவுகிறது.

நீளமான லென்ஸுக்கு வந்த தீர்வு அழகானது. போனின் முதுகில் துளைக்குள் நுழையும் வெளிச்சத்தை ஒரு பட்டகம் செங்கோணத்தில் திருப்பிவிடுகிறது. அதன்பின் லென்ஸ் வரிசை போனின் தடிமனுக்குள் நிற்காமல், அகலவாக்கில் படுத்துக்கொள்கிறது. நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பு போல என்பதால் பெயரும் அதுவே. ஓப்போ 2017இல் காட்சிக்கு வைத்தது. 2019இல் ஹுவாவே பி30 புரோ ஐந்து மடங்கோடு கடைக்கு வந்தது. 2023இல் ஐபோன் 15 புரோ மேக்ஸ் உள்ளே வந்த வெளிச்சத்தைப் பட்டகத்துக்குள் நான்கு முறை எதிரொளிக்க வைத்து அதே ஐந்து மடங்கைப் பிடித்தது. லென்ஸே உள்ளுக்குள் நகர்ந்து, இடைப்பட்ட எல்லா நிலைகளையும் தரும் போன்கள் அபூர்வம். 2022இல் வந்த சோனி எக்ஸ்பீரியா 1 IV அப்படி ஒன்று.

தாவல் என்பதால் ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் போனில் 1, 5 என்ற இரண்டு பொத்தான்கள் இருந்தால், 4.9 மடங்கில் எடுத்த படம் 5 மடங்குப் படத்தைவிட மோசமாக இருக்கும். 4.9 வரைக்கும் முதல் கேமராவின் படத்தைத்தான் வெட்டிக்கொண்டே போகிறது. விரலால் விரிப்பதை விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துவது நல்லது.

சரி, பெட்டிமேல் "100 மடங்கு" என்று அச்சடிக்கிறார்களே. இங்கே பிக்சலையும் தாண்டி இயற்கையே ஒரு வேலி போட்டிருக்கிறது. வெளிச்சம் ஓர் அலை. சிறிய துளைக்குள் நுழையும்போது அது கொஞ்சம் சிதறும். துளை எவ்வளவு சிறியதோ சிதறல் அவ்வளவு பெரியது. போனின் பெரிஸ்கோப் லென்ஸுக்குத் துளை ஐந்தரை மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டர் தொலைவில் 12 செ.மீ. இடைவெளிக்குள் இருக்கும் இரண்டு பொருட்களை அதனால் பிரித்துக் காட்ட முடியாது. சென்சாரில் எத்தனை கோடிப் பிக்சல் இருந்தாலும் நிலைமை மாறாது. சாத்தூர் நாற்கரச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் போகும் லாரியின் நம்பர் பிளேட் எழுத்துகளின் கோடு விரல் அகலம்தான். எந்தப் போனாலும் வாசிக்க இயலாது. அதுவும் சித்திரை வெயிலில் கரிசல் காட்டுக்கு மேலே காற்று அலையடிக்கும்போது, அந்த 12 செ.மீ.கூடப் பகல் கனவு.

இந்த வேலிக்கு உள்ளேயே செய்த தந்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கூகுள் 2018இல் பிக்சல் 3 போனில் கொண்டுவந்தது. அதற்கு முன் ஓர் உண்மை: சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒன்றை மட்டுமே அளக்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. மற்ற இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கணக்கிட வேண்டியதுதான். ஜூம் போடாத படத்திலேயே நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு அனுமானம். கூகுள் என்ன செய்தது என்றால், ஒரு தடவை பொத்தானை அழுத்தும்போது பல படங்களை அடுத்தடுத்து எடுத்தது. நம் கை எவ்வளவு திடமாக இருந்தாலும் நுண்ணியதாக நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். அந்த நடுக்கத்தில் ஒவ்வொரு படமும் ஒரு பிக்சலுக்கும் குறைவான தூரம் விலகும். முதல் படத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தப்பிப்போன விவரம் அடுத்த படத்தில் ஒரு புள்ளியின் மேல் விழும். எல்லாவற்றையும் பொருத்தினால், நிறமும் விவரமும் அனுமானமாக அல்லாமல் அளந்ததாகவே கூடும். போனை ஸ்டாண்டில் அசையாமல் வைத்தால்? லென்ஸை வேண்டுமென்றே லேசாக ஆட்டிவிடுவார்கள்! நூறு வருடமாகப் புகைப்படக்காரர் கையைக் கட்டிப்போட்டது எதுவோ அதுவே மூலதனமானது.

அதற்கு அடுத்த படி எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. 2023 மார்ச்சில் ஒரு பயனர், நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, சாம்சங் போனால் தூரத்திலிருந்து எடுத்தார். போன் தந்த படத்தில் நிலாவின் பள்ளங்கள் துல்லியமாக வந்திருந்தன. திரையில் இல்லாத பள்ளங்கள். நிலாவை அடையாளம் கண்டு விவரங்களை மேம்படுத்த செயற்கை நுண்ணறிவு பயன்படுவதைச் சாம்சங்கும் விளக்கியது. 2025இல் வந்த கூகுள் பிக்சல் 10 புரோ 30 மடங்குக்கு மேல் போனால், படத்தை உருவாக்கும் மாதிரி ஒன்றே போனுக்குள் உட்கார்ந்து விவரங்களை எழுதித் தருகிறது. நிலாவுக்கு எல்லார் வீட்டிலும் ஒரே முகம், போகட்டும். அணிலின் முதுகில் தெரிவது இந்த அணிலின் முடியா, வேறெங்கோ பழகிய ஆயிரம் அணில்களின் முடியா? இத்தகைய மாதிரிகள் தடுமாறுவது எழுத்தில்தான் பட்டவர்த்தனமாகத் தெரியும். தூரத்துப் பேருந்தின் பலகையில் சுழியும் கொம்பும் கூர்மையாக, அச்சில் வார்த்ததுபோல வந்து நிற்கும். வாசிக்கப் போனால் எந்த ஊர்ப் பெயரும் இராது. மங்கலான படமாவது தனக்குத் தெரியாது என்பதைக் காட்டிக்கொள்கிறது.

உங்கள் போன் எதைச் செய்கிறது என்று பார்க்கச் செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. வெயிலில் நின்று தூரத்துக் கோபுரம் ஒன்றைப் பாருங்கள். தூரக் காட்சிக்கான டெலிபோட்டோ லென்ஸின் பொத்தானை அழுத்துங்கள். பின்னால் இருக்கும் லென்ஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மூடுங்கள். எதை மூடினால் திரை இருளுகிறதோ அதுதான் வேலை செய்யும் லென்ஸ். இப்போது ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்து, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, அதே பொத்தானோடு அதே லென்ஸை மூடிப் பாருங்கள். பல போன்களில் திரை இருளாது. அவ்வளவு கிட்டத்தில் அந்த லென்ஸால் குவிக்க முடியாது என்பதால், போன் சத்தமில்லாமல் முதல் கேமராவுக்கு மாறி வெட்டிக் கொடுக்கிறது. திரையில் மட்டும் "5x" அப்படியே நிற்கும்.

தீபாவளி ராத்திரியில் இதே கூத்து இன்னொரு காரணத்துக்காக நடக்கும். டெலிபோட்டோ லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் பெரும்பாலும் சிறியது. வெளிச்சம் பற்றாவிட்டால் போன் அதை நம்பாது. வானத்தில் ஃபேன்சி ரகம் வெடித்து ஸ்ட்ரான்சியத்தின் சிவப்பு விரியும்போது நீங்கள் ஐந்து மடங்கு போட்டிருந்தாலும், வந்தது முதல் கேமராவின் வெட்டாக இருக்கலாம். பல படங்களைப் பொருத்தும் தந்திரமும் அங்கே அவ்வளவாக எடுபடாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பொறி இடம் மாறிவிடுகிறது. ஜூமைத் தொடாமல் முழு வானத்தையும் முதல் கேமராவில், திரையைத் தொட்டு வெளிச்ச அளவைக் குறைத்துக்கொண்டு எடுங்கள். வேண்டிய பகுதியை மறுநாள் சாவகாசமாக வெட்டிக்கொள்ளலாம். அதை அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால் அகலத்தையும் உயரத்தையும் 300ஆல் வகுத்துப் பாருங்கள். எத்தனை அங்குலம் தாங்கும் என்பது டிசைனர் போன் செய்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.