பாட்டுப்பறவையின் ஆற்றல் செலவு: பெற்றோர் தந்ததா, ஊர் தந்ததா?

கத்திரி வெயிலில் செங்கல்பட்டு வட்டாரத்தின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, ஏரிக்கரைக் கருவேல மரங்களில் சின்னான்கள் அலகைத் திறந்து மூச்சிரைக்கின்றன. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கடும் வெயிலில் பெரும்பாலும் மூச்சுவழி நீரை ஆவியாக்கியே உடலைக் குளிர்விக்கின்றன. வெயிலோடு, உடலே உண்டாக்கும் வெப்பத்தையும் அவை வெளியேற்றியாக வேண்டும். அந்த உள்வெப்பத்தின் அளவு எங்கிருந்து வருகிறது?

எப்படி அளக்கிறார்கள்?

வெறும் வயிற்றில், ஓய்வில், குளிரோ வெயிலோ வாட்டாத நிலையில் உயிர்வாழ உடல் செலவிடும் ஆற்றலே அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம். இந்தச் செலவே உள்வெப்பமாக வெளிப்படுகிறது. இரவில் பறவையை இருண்ட சிறு பெட்டியில் வைத்து, அது எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனைக் கொண்டு இதைக் கணக்கிடுகிறார்கள். உடல் சிறுக்கச் சிறுக்க, ஒரு கிராமுக்கான செலவு கூடும். பத்து கிராம்கூட எடையில்லாத ஊதாத் தேன்சிட்டு நாளெல்லாம் பூக்களைத் தேடி அலைவது இதனால்தான்.

மரபின் பங்கு

பெற்றோரும் குஞ்சுகளும் ஒரே இடத்தில், ஒரே இரையில் வாழ்வதால் மரபையும் சூழலையும் பிரித்தறிவது கடினம். வெவ்வேறு ஊர்ப் பறவைகளை ஒரே சூழலில் வளர்த்துப் பார்ப்பது ஒரு வழி. கென்யா, அயர்லாந்து, ஆஸ்திரியா, கஜகஸ்தான் நாடுகளின் புதர்ச்சிட்டுகளை அப்படி ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வெளியானது. வலசை போகாத கென்யப் பறவைகளின் ஓய்வுநிலை வீதம் குறைவாகவே இருந்தது. சூழல் ஒன்றான பின்னும் வேறுபாடு மறையாததால், அது மரபுவழி வந்தது என்பது தெளிவானது. காட்டில் வாழும் நீலப் பட்டாணிக்குருவிகளிலும் இந்த வீதம் மரபுவழி வருவதை 2009இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு காட்டியது.

சூழலின் பங்கு

மரபு வரம்பை வகுக்கிறது. அதற்குள் பருவமும் இரையும் அளவைக் கூட்டிக் குறைக்கின்றன. குளிர்நாட்டுச் சிறு பறவைகள் பலவற்றில் குளிர்காலத்தில் வீதம் உயர்கிறது. கல்லீரல், குடல் போன்ற உறுப்புகளின் எடை பருவத்துக்கேற்ப மாறுவது ஒரு காரணம். வாழும் ஊரின் தட்பவெப்பத்தோடும் வீதத்துக்குத் தொடர்பு உண்டு: பனாமாவில் 69 வெப்பமண்டலப் பறவையினங்களை அளந்த 2007ஆம் ஆண்டு ஆய்வு, மிதவெப்ப நாட்டுப் பறவைகளைவிட அவற்றின் வீதம் குறைவு என்று கண்டது.

செங்கல்பட்டுக்கு என்ன பாடம்?

மரபு மாறத் தலைமுறைகள் வேண்டும். உடல் சில வாரங்களில் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்றாலும், நீரும் நிழலும் இல்லாவிட்டால் அந்தத் திறனால் பயனில்லை. எனவே வேடந்தாங்கல், கரிக்கிலி ஏரிக்கரை மரங்களையும், மாமல்லபுரம் கடலோரப் பனைகளையும் புதர்களையும் காப்பது பறவைகளின் ஆற்றல் கணக்கையே காப்பதாகும். நீர்ப்பறவைகளை எண்ணும் அக்கறையோடு, இந்தச் சிறு பறவைகள் கோடையைக் கடக்கும் விதத்தையும் நாம் ஆண்டுதோறும் பதிவுசெய்ய வேண்டும்.